வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இரண்டடி

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற சாலையில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகள். அவற்றை ஒட்டியே, பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பிள்ளைகள். திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 இது. இரண்டு பேருக்கும் ஒரே தார்தான்.

சாலை ஒப்பந்த வேலைகளில் சைட் இன்ஜினியராக இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சைக்கிள் பாதை என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பெரிய நகரங்களில் பெயின்ட் அடித்துப் போடும் தனிப் பாதையைத்தான் நினைக்கிறார்கள். அதற்குக் குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் கடைவீதியில் கடைப்படி போக 2 அடி மிஞ்சினால் பெரிய விஷயம். சரி, அது வரும்போது வரட்டும். சைக்கிள்காரனுக்கு இன்றைக்கு இருக்கிற பாதை, வெள்ளைக் கோட்டை ஒட்டிய தார் விளிம்பும் அதற்கு வெளியே உள்ள மண் ஓரமும்தான். அந்த மண் ஓரத்தை நாங்கள் 'பெர்ம்' என்போம்.

ஒவ்வொரு முறை மேலே தார் போடும்போதும் சாலை 3, 4 சென்டிமீட்டர் உயர்கிறது. பெர்ம் உயர்வதில்லை; போதாததற்கு மழை அதை அரித்துக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று முறை போட்டதும் விளிம்பில் ஒரு படி வந்துவிடும். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, பிள்ளை மண்ணில் இறங்குகிறது. இறங்குவதில் அவ்வளவு ஆபத்தில்லை, திரும்ப ஏறுவதில்தான் இருக்கிறது. முன்சக்கரம் படியை நேராக முட்டினால் ஏறிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து உரசினால் ஏறாது, தேய்த்துக்கொண்டே போகும். பிள்ளை ஹேண்டில்பாரை இன்னும் வலப்பக்கம் ஒடிக்கும். சக்கரம் சட்டென்று ஏறினால் சைக்கிள் சாலை நடுவுக்குப் பாயும். ஏறாவிட்டால் ஆள் விழுவான். எப்படி ஆனாலும் போய்ச் சேர்வது லாரி வருகிற பக்கம்.

நான் பார்த்த ஒரு வேலையிலேயே இது நடந்திருக்கிறது. தார் போட்டு முடித்தோம். பெர்முக்குக் கிராவல் அடிப்பது தனி ஐட்டம். 'அடுத்த பில்லில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளினோம். பத்தே நாளில் ஒரு பையன் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் வண்டி வராதது அவன் அதிர்ஷ்டம், எங்கள் அதிர்ஷ்டமும்கூட. சைக்கிள் கடை அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னார்: "ரோடு அருமையா இருக்கு சார். ரோட்டை விட்டு எறங்குனாத்தான் வம்பு."

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தோடு 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சாலை வடிவமைப்பு, பராமரிப்புக் குறையால் உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. படி வராமல் தடுக்க அவ்வளவெல்லாம் செலவில்லை. தார் போடும் அதே வாரத்தில் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். தார் விளிம்பையும் செங்குத்தாக விடாமல் சரிவாக முடிக்கலாம். அமெரிக்காவில் 30 டிகிரி சரிவில் முடிக்கிறார்கள். அந்தச் சரிவில் சக்கரம் தானாக ஏறிவிடும்.

அப்புறம் சாரல். குற்றாலத்தில் சீசன் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம், சைக்கிளுக்குத் திண்டாட்டம். பெருமழை சாலையைக் கழுவிவிடும். சாரல் கழுவாது, லாரியிலிருந்து சிந்திய எம்சாண்ட் தூசியைக் குழைத்து ஓரமெல்லாம் சேறாகப் பூசிவிடும். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. தடித்த வெள்ளைக் கோட்டின் மேல் டயர் ஏறினால் சோப்பு மாதிரி வழுக்கும். அந்த மாதங்களில் கோட்டின் மேலேயே ஓட்டாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதும் ஓரத்தைக் கூட்டுவதும் யார் வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தடை விதிப்படி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். தெருக்காரர்களே கொத்தனாரை வைத்துக் கட்டுவது வேகத்தடை இல்லை, திண்ணை. மழைநீர் வடிகால் மேல் போடும் கம்பி மூடியில் கம்பிகள் சாலைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் போட்டால் சைக்கிள் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். மூடியைத் திருப்பிப் போட ஐந்து நிமிஷம் போதும்.

எங்கே மனுக் கொடுப்பது என்று கேட்பவர்கள் முதலில் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. எல்லை தாண்டிக் கேரளாவின் ஆரியங்காவுக்குப் போனாலும் கல் அதே மஞ்சள்தான், ஆனால் அலுவலகம் வேறு. படியில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். மனுவில் கல்லின் எண்ணை எழுதுங்கள். 'சாலை மோசம்' என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அப்படிக் கொடுத்த மனு நகர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் விழுந்த இடத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். பெர்ம் நன்றாக இறுகி, தாரோடு சமமாக இருக்கிறது. அதன் மேல் ஒரு தள்ளுவண்டியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வியாபாரம் ஜோராக நடக்கிறது. வாங்க வந்த இரண்டு கார்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. சைக்கிள்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு சாலை நடுவில் போகின்றன.