ஏசி கேஸ் தீர்ந்துபோவதில்லை

சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் தொழிலில் தொலைபேசி ஓயாது. "கூலிங் இல்லை, கேஸ் தீர்ந்திருக்கும், வந்து போட்டுவிட்டுப் போங்கள் சார்" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போல ஏசிக்குக் கேஸ் செலவாகும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்க எங்கள் ஆட்களும் அவசரப்படுவதில்லை. ஆண்டுதோறும் அதே வீட்டில் வருமானம் கிடைக்கிறதே!

ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறிமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கசிவு இல்லையென்றால் வாங்கிய அன்று இருந்த கேஸே கடைசிவரை போதும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பல வீடுகளில் கேஸ் குறைந்திருப்பதுகூட இல்லை. ஃபில்டரில் கம்பளம்போல் தூசி படிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒழுகிய கேஸ் காற்றில்தான் கலக்கிறது. ஆர்-410ஏ என்ற கேஸ், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒன்றரை டன் ஏசி ஒன்றில் இது ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். அது முழுவதும் வெளியேறினால் 900 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். பைக்கில் 40,000 கிலோமீட்டர் ஓட்டலாம்! இப்போது பரவலாக வரும் ஆர்-32 மூன்றில் ஒரு பங்கு கெடுதல்தான் என்றாலும், அதுவும் 675 மடங்கு.

பழைய ஆர்-22 ஓசோனையும் அரித்தது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை அந்த வகைக் கேஸ்களுக்குக் கடிவாளம் போட்டது; ஓசோன் பிழைத்தது. மாற்றாக வந்த ஆர்-410ஏ போன்றவை பூமியைச் சூடாக்கின. அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2032இல் குறைக்கத் தொடங்கி 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். ஆனால் உடன்படிக்கை கட்டுப்படுத்துவது உற்பத்தியையும் பயன்பாட்டு அளவையும். உங்கள் சுவரில் ஏற்கெனவே தொங்கும் கேஸுக்கு நீங்கள்தான் காவல்.

கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால், நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழ் ஒன்று மெல்லப் பருத்துவரும். சில இடங்களில் சோப்பே வேண்டாம். கேஸோடு கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுப்புத் திட்டாகத் தெரியும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று, கேஸ் ஓடும் வளைகுழாயான காயிலை அரிக்கும். இன்டோர் காயிலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுந்தால்தான் திண்டாட்டம். காயிலையே மாற்றவேண்டி வரும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் ஆண்டுதோறும் கேஸை மட்டும் நிரப்பிக்கொள்கிறார்கள்.

வீடு மாற்றும்போது நடப்பது இன்னும் மோசம். நட்டைத் தளர்த்தி, 'உஸ்' என்று கேஸ் முழுவதையும் மொட்டை மாடிக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். செய்யவேண்டியது 'பம்ப் டவுன்'. ஏசி ஓடும்போதே மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடினால் கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள் வந்து சேரும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்திவிட வேண்டும். சில நிமிட வேலை. (நீங்களே முயலாதீர்கள். ஏற்கெனவே ஒழுகிய மெஷினில் காற்று புகுந்தால் கம்ப்ரசர் வெடிக்கலாம். அதற்குக் கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் ரெகவரி மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.) புது இடத்தில் மாட்டும்போது, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்கம் பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காற்றை வெளியே தள்ளக் கேஸைத்தான் வீணடிப்பார்.

மின்சாரக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 18க்குப் பதில் 25 டிகிரியில் வைத்து மின்விசிறியும் ஓடவிட்டால் போதும், அது குறையும்.

அடுத்தமுறை கேஸ் போட வருபவரிடம், ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு, தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். கேஸின் பெயரும் அளவும் அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும். பில்லில் 'கேஸ் டாப்-அப்' என்று மட்டும் எழுதியிருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.