சிரிக்கிற பிள்ளைக்கு என்ன குறை? ‘எ விஸ்கர் அவே’ படத்தை முன்வைத்துப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. மதுரையில் என்னிடம் வரும் அம்மா அப்பாக்கள் பலர் அனிமே பற்றிப் புகார் சொல்வார்கள். “எந்நேரமும் ஜப்பான் பொம்மைப் படம்தான் மேடம், கூப்பிட்டாக் காதுல விழுகுறதில்ல” என்பார் ஒருவர். “பொம்மைப் படம்தானே, சினிமாவுக்கு இது தேவலை” என்பார் இன்னொருவர். என்ன படம் என்று கேட்டால் இருவருக்கும் பெயர் தெரியாது. பிள்ளை அதில் எந்த இடத்தில் அழுதது, யாரைத் தன்னைப்போல் நினைத்தது என்பதும் தெரியாது. எனக்கு வேண்டியதோ அந்தத் தகவல்தான்.

அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். ‘எ விஸ்கர் அவே’, 2020 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம். தியேட்டருக்கு வரவேண்டியது, கொரோனாவால் நேராக ஓடிடிக்கு வந்தது. ஜுனிச்சி சாட்டோவும் டொமொடாகா ஷிபயாமாவும் இயக்கினார்கள். எழுதியவர் மாரி ஒகாடா. மியோ என்ற பள்ளி மாணவிக்குத் தன் வகுப்புப் பையன் ஹினோடே மேல் காதல். திருவிழா இரவில் ஒரு மாயப் பூனை அவளுக்கு முகமூடி ஒன்றைத் தருகிறது. அதைப் போட்டால் வெள்ளைப் பூனையாக மாறலாம். பள்ளியில் அவளைக் கண்டால் ஒதுங்கும் ஹினோடே, அவள் பூனையாக வந்தால் தூக்கிக் கொஞ்சுகிறான். செத்துப்போன தன் நாயின் பெயரான டாரோ என்பதையே அதற்கும் வைத்திருக்கிறான். ஒரு கட்டத்தில் அவள் மனித முகம் கழன்று விழுகிறது, பூனையாகவே தங்கிவிடும் ஆபத்து வருகிறது. கதை இவ்வளவுதான்.

படத்தின் பலம் மியோவின் சிரிப்பில் இருக்கிறது. வகுப்பில் அவள் பெரிய வாலு. மற்றவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே, புரியாத பிறவி என்கிற மாதிரி ஒன்று. ஆனால் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். இப்போது அப்பா திருமணம் செய்யவிருக்கும் காவோரு அதே வீட்டில் இருக்கிறார். காவோரு கெட்டவர் இல்லை. பார்த்துப் பார்த்துச் சமைக்கிறார், அன்பாகப் பேசுகிறார். மியோவும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே “நன்றாக இருக்கிறது” என்கிறாள். அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சிகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அங்கே மூச்சு விட இடமில்லை.

இதே பிள்ளையை உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருநகரிலும் பார்த்துவிட்டேன். (இங்கே நான் சொல்வது எந்த ஒரு குழந்தையின் கதையும் இல்லை, பலரிடம் பொதுவாகக் காண்பது.) அம்மா இறந்திருப்பார், அல்லது பிரிந்து போயிருப்பார். அப்பா மறுமணம் செய்திருப்பார். “சித்தி தங்கமானவ, உனக்கு என்னத்தா குறை?” என்று அப்பத்தாவிலிருந்து அத்தை வரை எல்லோரும் கேட்டிருப்பார்கள். சித்தி நல்லவராக இருப்பதாலேயே அந்தப் பிள்ளையால் அம்மாவை நினைத்து அழ முடியாமல் போகும். அழுதால் நன்றி கெட்டது ஆகிவிடுமே! அதனால் சிரிக்கும். பள்ளியில் எல்லோரையும் சிரிக்க வைக்கும். “ரொம்ப ஜாலியான பொண்ணுங்க” என்று டீச்சரும் சொல்வார். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று டாக்டரிடம் போய், எல்லா டெஸ்டும் நார்மல் என்று வந்த பிறகுதான் என்னிடம் அனுப்புவார்கள். பெரியவர்கள் கவனிக்கத் தவறும் இந்த நிலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் குறைவு. இந்த ஒன்றுக்காகவே பெற்றோர் இதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

இன்னொரு நல்ல விஷயம், பையனையும் படம் விட்டுவிடவில்லை. கதை நடப்பது டோகோனமே என்ற ஊரில், ஜப்பானின் பழம்பெரும் மண்பாண்ட ஊர்களில் ஒன்று அது. நமக்கு மானாமதுரை மாதிரி. ஹினோடேக்குத் தாத்தாவின் மண்பாண்டப் பட்டறை உயிர். அது மூடப்படப் போகிறது. தனக்கு இதுதான் பிடிக்கும் என்று வீட்டில் வாய் திறந்து சொல்ல அவனால் முடியவில்லை, பூனையிடம் சொல்கிறான். பத்தாம் வகுப்பு முடித்ததும் எந்த குரூப் என்று கேட்காமலேயே சேர்த்துவிடப்பட்ட பையன்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

சரி, இனி எனக்கு உறுத்தும் இடங்கள்.

மியோ பள்ளியில் ஓடிவந்து ஹினோடேயை இடுப்பால் இடிக்கிறாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. அவள் விடுவதாகவும் இல்லை. படம் இதை வேடிக்கையாகக் காட்டுகிறது. பையனும் பெண்ணும் இடம் மாறியிருந்தால் நாம் சிரித்திருப்போமா? வேண்டாம் என்று ஒதுங்குகிறவரை விடாமல் துரத்தினால் ஒருநாள் மனம் இளகும் என்று நம் சினிமா பல தலைமுறைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அதே பாடத்தை ஒரு பெண் பிள்ளையை வைத்து அழகான வண்ணத்தில் திரும்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் பூனை வேஷம். தன் அறையில் தனியாக இருப்பதாக நினைத்து ஹினோடே பேசுவதை எல்லாம் மியோ கேட்கிறாள். யாரிடமும் சொல்லாத துக்கம் அது. யாரிடம் சொல்கிறோம் என்பது தெரியாமலே அவன் சொல்கிறான். அவன் அனுமதி இல்லாமல் கிடைத்த நெருக்கம் அது. கடைசியில் உண்மை தெரியவரும்போது அவன் கோபப்படவோ, ஏமாற்றப்பட்டதாக உணரவோ கதை நேரம் ஒதுக்குவதில்லை. காதல் கைகூடுகிறது.

மாயம்தானே என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நம் பிள்ளைகள் கையில் இந்த முகமூடி உண்மையாகவே இருக்கிறது. ஃபேக் ஐடி. பிடித்த பையனையோ பெண்ணையோ வேறு பெயரில், வேறு படத்தோடு இன்ஸ்டாகிராமில் பின்தொடர்ந்து, நண்பராகி, மனதில் உள்ளதை எல்லாம் கறந்துவிடுவது. செய்கிற பிள்ளைக்கு அது காதல். அகப்பட்ட பிள்ளைக்கு அது பெரிய அதிர்ச்சி, அதன்பின் யாரையும் நம்பாது. இரண்டு தரப்பையும் நான் பார்க்கிறேன். சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. விருப்பமில்லை என்று பெண் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, இணையத்தில் கண்காணிப்பது நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். 18 வயதுக்குக் குறைந்தவரைப் பாலியல் நோக்கத்தோடு நேரிலோ ஆன்லைனிலோ தொடர்ந்து பின்தொடர்ந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வரும், அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும், பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

மூன்றாவது, பூனையாகவே இருந்துவிடலாம் என்று மியோ முடிவெடுக்கும் இடம். ஹினோடேக்கு எழுதிய கடிதத்தை ஒருவன் பிடுங்கி எல்லோர் முன்னும் வாசிக்கிறான், ஹினோடேயும் வெறுப்பாகப் பேசிவிடுகிறான். வீட்டிலும் வெடிக்கிறாள். அப்புறம் மனுஷியாகவே இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. “சாகணும்னு இல்ல மேடம், நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நல்லது” என்று பிள்ளைகள் என்னிடம் சொல்வது இதைத்தான். பூனையாகி வருந்துகிறவர்களையும் படம் காட்டுகிறது, அது நேர்மை. ஆனால் எல்லாமே ஒரே இரவில், சூரியன் உதிப்பதற்குள் சரியாகிவிடுகிறது. நிஜத்தில் அதற்கு மாதங்கள் ஆகும், பெரியவர்கள் கூடவே இருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளை அப்படி ஒரு வார்த்தை சொன்னால், “இதெல்லாம் ஒரு கவலையா” என்று தள்ளாதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்பதே பாரத்தைக் குறைக்கும். ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். குழந்தைகளே அழைக்க 1098 இருக்கிறது.

படத்துக்கு வருவோம். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள், ஒன்றே முக்கால் மணி நேரம்தான். நடுவில் நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். முடிந்தபின் ஒரு கேள்வி போதும். “அந்தப் பூனை நான்தான்னு யாராவது உன்கிட்ட வந்து சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்கலாம். அல்லது, “மியோ வீட்டுல யாருகிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமா, ஏன் சொல்லல?” உங்கள் பிள்ளையைப் பற்றி நேராகக் கேட்காமல் மியோவைப் பற்றிக் கேட்பதால் பதில் வரும். அந்தப் பதிலில் உங்கள் வீடும் இருக்கும்.

“தெரியல” என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பலர் டியூஷனுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் பேசுவார்கள், அப்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்துக் காளவாசல் சிக்னலில் நிற்கையில் “அம்மா, அந்த மியோ இருக்காள்ல...” என்று ஆரம்பித்தால், உடனே திரும்பிப் பார்த்து என்ன ஆச்சு என்று பதறாமல், “ம், சொல்லு” என்று மட்டும் சொல்லுங்கள்.