பாதிக் கிட்டார் பெட்டிக்குள்தான் இருக்கிறது

மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுவிலோ சர்ச் பாடகர் குழுவிலோ எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் ஒரு குறையை அடிக்கடி கேட்கலாம். கிட்டார் நல்ல கிட்டார், டிஸ்டார்ஷன் பெடலும் வாங்கியாச்சு. ஆனால் மைக் செட்டில் நேராகச் செருகினால் சத்தம் காதைக் கிழிக்கிறது, வீட்டு ஹோம் தியேட்டரில் செருகினால் மங்கிப்போய்க் கேட்கிறது. உடனே கிட்டாரை மாற்றலாமா என்று யோசிக்கிறார்கள். கிட்டார் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வாத்தியம் கம்பியில் தொடங்கி ஸ்பீக்கர் பெட்டியின் பின்பலகையில்தான் முடிகிறது. பின்பாதி இல்லாமல் முன்பாதியை மட்டும் வாங்கி வைத்திருக்கிறோம். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்த அந்தப் பின்பாதியை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். மாசி வீதிகளைச் சுற்றி இருக்கும் கடைகளும், தெருவுக்கு ஒரு தச்சுப் பட்டறையும் அதற்குப் போதும்.

பிக்கப்பிலிருந்து ஆரம்பிப்போம். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான் பிக்கப். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்ட அதே விதி. பிறப்பது சில நூறு மில்லிவோல்ட்தான். சுற்றுகள் அத்தனை இருப்பதால் இந்தச் சுருளால் மின்னோட்டத்தை ஓட்டித் தள்ள முடியாது. ஆகவே அடுத்து வரும் சர்க்யூட் அதனிடம் அதிகம் கேட்கக் கூடாது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு இம்பீடன்ஸ், அதாவது வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, சுமார் 1 மெகா ஓம் இருப்பது இதனால்தான். வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் 10 முதல் 50 கிலோ ஓம்தான் இருக்கும். அந்தச் சுமையில் பிக்கப்பின் ட்ரெபிள் (மேல் சுரங்கள்) அமுங்கிவிடுகிறது. ஹோம் தியேட்டரில் கிட்டார் மங்கலாகக் கேட்பதற்குக் காரணம் இதுவே. டி.எல்.072 போன்ற ஒரு சின்ன ஐ.சி.யை முன்னால் வைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

மைக் செட் காதைக் கிழிப்பது வேறு கதை. டிஸ்டார்ஷன் என்றால் அலையின் மேல்முனையையும் கீழ்முனையையும் வெட்டுவது. வெட்டிய அலையில் மூல சுரத்தின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று மேற்சுரங்கள் புதிதாக முளைக்கின்றன. பாட்டும் பேச்சும் தெளிவாகக் கேட்கச் செய்யப்பட்ட மைக் செட் பெட்டியில் மேல் சுரங்களுக்கென்றே தனி ட்வீட்டரோ ஹாரனோ இருக்கும். அது இந்த மேற்சுரங்கள் அத்தனையையும் விசுவாசமாக வெளியே தள்ளும். கிட்டாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர் அப்படிச் செய்யாது. அதன் மெல்லிய காகிதக் கோன் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் கோன் ஒரே தகடாக அசையாமல் பகுதி பகுதியாக நெளியும். பாட்டு கேட்க வாங்கும் ஸ்பீக்கரில் இவை இரண்டும் குறைகள். கிட்டாரிலோ அந்த நெளிவுதான் சுரத்துக்கு முனைப்பைத் தருகிறது, அந்த ஓய்வுதான் கரகரப்பை வடிகட்டுகிறது. ராக் இசையில் நாம் ரசிக்கிற கனமான டிஸ்டார்ஷன் ஒலியில் பாதி இந்தக் காகிதத்தின் வேலை.

அடுத்தது வாட். நம் ஊரில் ஆம்ப் என்றதும் முதல் கேள்வியே ‘எத்தனை வாட்?’ என்பதுதான். அதை இரண்டாவது கேள்வியாக வைக்கலாம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதுதான் ஸ்பீக்கரின் உணர்திறன், முதலில் கேட்க வேண்டியது அது. நல்ல கிட்டார் ஸ்பீக்கரில் 97 முதல் 100 வரை இருக்கும். பொம்மை ரேடியோவில் வரும் 3 அங்குல ஸ்பீக்கரில் 84 என்று வைத்துக்கொள்வோம். இடையில் 13 டெசிபல் வித்தியாசம். சின்ன ஸ்பீக்கரை அதே உயரத்துக்குக் கொண்டுவர 20 மடங்கு வாட் கொடுக்க வேண்டும்! எல்.எம்.386 என்ற எட்டுக் கால் ஐ.சி.யும், 9 வோல்ட் பேட்டரியும், நாலைந்து கெபாசிட்டரும் இருந்தால் அரை வாட் ஆம்ப் ஒன்றை ஒரு மாலையில் சால்டர் செய்துவிடலாம். அதை முதலில் சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள், அப்புறம் பெட்டியில் மாட்டிய 12 அங்குல ஸ்பீக்கரில் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். டி.டி.ஏ.2030 ஐ.சி. 8 ஓம் ஸ்பீக்கரில் 8 வாட் தரும். அறையில் பழகவும் சின்னக் கூடத்தில் வாசிக்கவும் அதுவே தாராளம். ட்ரம்ஸுக்கு ஈடு கொடுக்க வேண்டுமானால்தான் 30, 50 என்று போக வேண்டும்.

இனி பெட்டி. பெட்டி ஏன் வேண்டும் என்பதை அட்டையை வைத்தே பார்த்துவிடலாம். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியில் போடாமல் மேசையில் நிறுத்திப் பாட்டுப் போடுங்கள். ட்ரம் அடிப்பது தெரியும், குத்து இருக்காது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து அகலமான ஒரு பக்கத்தை வெட்டி, நடுவில் 28 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டம் போட்டு எடுத்துவிட்டு, அதன் பின்னால் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடியுங்கள். வாட் கூடவில்லை, சர்க்யூட்டும் மாறவில்லை. ஆனால் பேஸ் (கீழ் சுரங்கள்) வந்து நிற்கும்.

கோன் முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டும் நேர் எதிர். மதுரையின் 35 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 4.3 மீட்டர். பின்பக்க அலை விளிம்பைச் சுற்றி முன்னே வர வேண்டிய தூரமோ 30 சென்டிமீட்டர்தான். 4.3 மீட்டர் அலைக்கு இது ஒரு தூரமே இல்லை. கிட்டத்தட்ட உடனே வந்து முன்பக்க அலையைத் தின்றுவிடுகிறது. 1,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 35 சென்டிமீட்டர்தான், ஆகவே மேல் சுரங்கள் தப்பித்துக்கொள்கின்றன. அட்டை செய்தது ஒன்றே ஒன்றுதான், சுற்றி வரும் வழியை நீட்டியது.

பின்பக்கம் திறந்த பெட்டி என்பது அந்த அட்டையை மடித்துவிட்டது போலத்தான். 50 சென்டிமீட்டர் அகலம், 45 உயரம், 28 ஆழம் என்று ஒரு பெட்டி அடித்தால் சுற்றுவழி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். இது அரை அலைநீளமாக அமைவது 220 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே பின்பக்க அலை சரியாக அரைச் சுற்றுத் தாமதித்து வருவதால் முன்பக்க அலையோடு சேர்ந்துகொள்கிறது, ஒலி கூடுகிறது. அதற்குக் கீழே இறங்க இறங்க மெலிகிறது. முன்னும் பின்னும் ஒலி பரவுவதால் அறை முழுக்க நிறைந்த மாதிரி, காற்றோட்டமாகக் கேட்கும். ஃபெண்டரின் பழைய ஆம்ப்கள் பலவும் வாக்ஸ் ஏ.சி.30-உம் இந்த வகைதான்.

பின்பக்கத்தை முழுதாக அடைத்தால் கதை மாறுகிறது. பின்பக்க அலை வெளியே வரவே வழியில்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்று கோனைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் கையைத் திருப்பித் தள்ளுமே, அதே விசை. இந்த ஸ்பிரிங்கின் விறைப்பால் ஸ்பீக்கரின் இயல்பான ஒத்ததிர்வு, அதாவது கோன் தானாகவே அதிக வீச்சில் ஆடும் அதிர்வெண், மேலே ஏறும். உதாரணத்துக்கு, 75 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் ஸ்பீக்கர். அதன் கோன் தாங்கிகளின் விறைப்பு 60 லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்று ஸ்பீக்கரோடு வரும் தாளில் போட்டிருக்கிறது. அதை 50 லிட்டர் பெட்டியில் அடைத்தால், 60-ஐ 50-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து 75-ஆல் பெருக்க வேண்டும். 111 ஹெர்ட்ஸ் வரும். அந்த இடத்தில் ஒரு குத்து எழும், அதற்குக் கீழே ஒலி சட்டென்று விழும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும்போது நெஞ்சில் இடிக்கிற உணர்வு இங்கிருந்து வருகிறது. 1960-களில் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையிலிருந்து வந்த நான்கு ஸ்பீக்கர் பெட்டி மூடியதுதான். அப்படியானால் 82 ஹெர்ட்ஸ் கம்பி கேட்காதே என்று தோன்றலாம். கேட்கும். 164, 246 என்று அதன் மேற்சுரங்கள் ஒழுங்காக வந்தாலே மூளை அடிச்சுரத்தைத் தானே கூட்டிக் கேட்டுக்கொள்ளும்.

எது நல்லது என்ற சண்டையில் இறங்க வேண்டாம். பின்பலகையை மூன்று துண்டாகச் செய்து ஸ்க்ரூவில் மாட்டுங்கள். நடுத்துண்டைக் கழற்றினால் பாதித் திறப்பு, மூன்றையும் மாட்டினால் மூடிய பெட்டி. ஒரே பெட்டியில் இரண்டு குணமும் கைக்கு வரும். முதல் பெட்டி செய்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

மரத்துக்கு முக்கால் இஞ்ச் ப்ளைவுட் போதும். ஐ.எஸ்.303 முத்திரை உள்ள சாதாரண ப்ளையே நன்றாக உழைக்கும். மேடை மேடையாக, மழையிலும் வெயிலிலும் வண்டியில் போகும் பெட்டி என்றால் ஐ.எஸ்.710 மரைன் ப்ளை வாங்கலாம். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் இப்படி இரண்டு பெட்டி தாராளமாக வரும். எம்.டி.எஃப். வேண்டாம். ஐப்பசி மழையில் ஓரம் ஊதிப்போகும், ஸ்க்ரூவும் சீக்கிரம் பிடிவிடும். தேக்கில் காசைப் போடவும் அவசியமில்லை. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பேக்கிங் பெட்டிகளில் பைன் பலகை கிடைத்தால் விடாதீர்கள். ஃபெண்டர் பழைய பெட்டிகளைச் செய்தது பைனில்தான். எடை குறைவு, பலகையும் லேசாகச் சேர்ந்து பாடும்.

மூலைகளில் உள்பக்கம் ரீப்பர் வைத்து, ஃபெவிகால் தடவி, ஸ்க்ரூ அடித்தால் ஆடாது. ஸ்பீக்கரை மரஸ்க்ரூவில் மாட்டினால் அதிர்விலேயே சில மாதத்தில் தளரும். பலகையின் பின்னால் டி-நட் (மரத்தில் பதியும் முள் வைத்த நட்) பதித்து போல்ட்டில் இறுக்குங்கள். எல்லாம் முடிந்ததும் கைபேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, 80-இலிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்காவது ஓரிடத்தில் ‘ஜிர்’ரென்று ஒரு கூடுதல் சத்தம் வரும். உள்ளங்கையை ஒவ்வொரு பலகையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கே கை வைத்ததும் நிற்கிறதோ அங்கே இன்னொரு ரீப்பர் வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

மேலே போர்த்த ரெக்சின். ஆட்டோவுக்கு சீட் தைக்கும் குஷன் கடைக்காரர்களே மூலை மடித்து அருமையாக ஒட்டித் தருவார்கள். முன்பக்கத் துணிக்கு ஒரே சோதனை, வாயருகே வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். மெல்லிய சுங்குடித் துணி இதில் தேறிவிடுகிறது. வெளிநாட்டு ஆம்ப் எதிலும் இல்லாத அழகும் கிடைக்கிறது.

ஐ.சி.க்குப் பதில் பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த வால்வு ஆம்ப்தான் கிட்டாருக்கு உயிர் என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாதியை ஐ.சி.யிலும் எடுத்துவிடலாம். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் இல்லை. ஒத்ததிர்வு இடத்தில் பல மடங்கு ஏறும், ட்ரெபிளிலும் ஏறிக்கொண்டே போகும். ஐ.சி. ஆம்ப் எங்கும் ஒரே மின்னழுத்தத்தைத்தான் கொடுக்கும். வால்வு ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகம். ஆகவே ஸ்பீக்கரின் ஓம் ஏறும் இடத்தில் அது கொடுக்கும் மின்னழுத்தமும் ஏறும், பேஸும் ட்ரெபிளும் தானாக மலரும். ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அரை ஓமுக்கும் குறைவான ஒரு ரெசிஸ்டரை வைத்து, அதில் விழும் மின்னழுத்தத்தை ஃபீட்பேக்காக (ஆம்ப்பின் உள்ளீட்டுக்கே திருப்பி) கொடுத்தால் ஐ.சி. ஆம்ப்பும் இதே குணத்தைக் காட்டும். சில ரூபாய் ரெசிஸ்டர் செய்யும் இந்த மாற்றத்தைக் காதால் கேட்டால் அசந்துபோவீர்கள்.

வால்வில் கை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே 300, 400 வோல்ட் டி.சி. ஓடுகிறது, சுவிட்சை அணைத்த பின்னும் கெபாசிட்டரில் தங்கி நிற்கும். பழைய வால்வு ரேடியோக்களில் சில, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் 230 வோல்ட் லைனோடு சேஸிஸை (உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை) நேராக இணைத்தவை. அதில் கிட்டாரைச் செருகினால் கம்பியில் கரண்ட் வரும். தாத்தா காலத்து ரேடியோவை ஆம்ப்பாக மாற்றும் யோசனை இருந்தால் முதலில் இதைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எந்த ஆம்ப் ஆனாலும் இரும்புச் சேஸிஸுக்கு மூன்றாம் பின் எர்த் கட்டாயம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் வயர் இருக்காது. உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி உயிரோடு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் ஆம்ப் உறுமுவதும் அதிகம்.

கடைசியாக வெப்பம். ஐ.சி. 20 வாட்டை வெப்பமாகக் கக்குகிறது, அதன் மேல் மாட்டி வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் ஒரு வாட்டுக்கு 2 டிகிரி ஏறும் வகை என்றால் அறை வெப்பத்துக்கு மேல் 40 டிகிரி ஏறும். 25 டிகிரி அறையில் அது 65-இல் நிற்கும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மேடையில் 40 டிகிரி என்றால் 80-க்குப் போய்விடும், உள்ளே சிப் அதையும் தாண்டிச் சூடாகும். கடையில் கேட்கும்போது ஒரு அளவு பெரிய ஹீட் சிங்க்காகக் கேளுங்கள். பின்பக்கம் திறந்த பெட்டியானால் கோன் தள்ளும் காற்று அதன் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டி என்று முடிவு செய்தால் ஆம்ப்பை அதற்குள் வைக்காமல் தனியாக ஒரு சின்னப் பெட்டி அடித்து மேலே உட்கார வைத்துவிடுங்கள்.