கிரௌனை எவ்வளவு இறுக்கலாம்?

கொடிவேரியில் குளித்துவிட்டு வந்து, கண்ணாடிக்குள் ஆவி பிடித்த வாட்சை நீட்டுபவர்கள் பலரும், நேரம் திருத்தப் பக்கவாட்டில் இருக்கும் கிரௌன் என்ற குமிழைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: "நல்லா இறுக்கித்தானுங்க மூடினேன்." பல நேரம் கோளாறே அந்த இறுக்கம்தான்.

திருகி மூடும் கிரௌனில் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, ரப்பர். வாட்சின் உடலான கேஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு டியூபின் மேல் மரை இருக்கும். கிரௌனுக்குள் உள்ள ரப்பர் வளையம் அந்த டியூபைக் கவ்விக்கொள்ளும், அல்லது அதன் வாயில் உட்கார்ந்து அழுந்தும். கிரௌன் தானாகக் கழன்று வராமல் பிடித்துக்கொள்வதும், ரப்பரை அளவாக அழுத்துவதும்தான் மரையின் வேலை. அதற்கு மேல் முறுக்கினால் காப்பு அதிகமாகிவிடாது. ரப்பர் தட்டையாகி மீளும் தன்மையை இழக்கும். கிணத்து மோட்டாரில் தண்ணீர் கசியாமல் ஷாஃப்டைச் சுற்றி கிளாண்ட் கயிறு போட்டுப் பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அளவு மீறி இறுக்கினால் கயிறு கருகும், ஷாஃப்ட் தேயும்.

மூடும்போது வாட்சைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள். கட்டியபடியே திருகினால் விசை சாய்வாக விழுந்து, கிரௌனிலிருந்து உள்ளே போகும் மெல்லிய கம்பியான ஸ்டெம் வளையும். கிரௌன் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கட்டும். விரல் நுனியால் லேசாக உள்ளே அழுத்தியபடி முதலில் இடப்பக்கம் அரைச் சுற்று திருப்புங்கள். மரையின் தொடக்கம் ஒன்றுக்கொன்று விழும் இடத்தில் சின்ன 'டிக்' உணர்வு வரும். அங்கிருந்து வலப்பக்கம். முதல் அரைச் சுற்று வெண்ணெயாகப் போக வேண்டும். தொடக்கத்திலேயே கடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். பலம் காட்டாமல் பின்னால் திருப்பி மறுபடி தொடங்குங்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல் நுனிகள் மட்டும் போதும். தடை தெரிந்த இடத்தில் நிறுத்த வேண்டியதுதான். மறுநாள் திறக்கத் துணியோ பிளேயரோ தேவைப்பட்டால் நேற்று மிகையாக இறுக்கியிருக்கிறீர்கள். கிரௌனின் மேலே உள்ள கம்பெனிச் சின்னம் நேராக நிற்கட்டும் என்று இன்னும் கால் சுற்று முறுக்குகிறவர்களும் உண்டு. சின்னம் எங்கே நின்றாலும் தண்ணீருக்குக் கவலையில்லை.

இந்த மரையின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முறுக்கி முறுக்கி அது மழுங்கினால் கிரௌன் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொரு விபத்தும் உண்டு: டியூபே கேஸில் திருகிப் பொருத்தப்பட்ட வாட்சுகளில், இறுகிப்போன கிரௌனைத் திறக்கும்போது டியூபும் கூடவே கழன்று வரும். ரப்பர் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கிரௌனும் டியூபும் மாற்றுவதாகிவிடும்.

நம் ஊரில் மரைக்கு முதல் பகை தூசி. திருப்பூர் பனியன் கம்பெனியின் பஞ்சு, பவுண்டரி மணல், ஈரோட்டு மண்டியின் மஞ்சள் தூள் எல்லாமே மரையில் ஒட்டும். வாட்ச் நன்றாக இருக்கும்போதே மூட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒரு சுற்று குறைந்து நின்றால் உள்ளே அழுக்கு, அல்லது கோணல். டியூபின் மரையை உலர்ந்த மென்மையான பிரஷால் துடைக்கலாம். தையல் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வேண்டவே வேண்டாம். பஞ்சோடு சேர்ந்து களிம்பாகிவிடும். ரப்பருக்குப் பூசுவது சிலிக்கான் கிரீஸ், அதுவும் மிகக் கொஞ்சம். அதை சர்வீஸில் செய்யச் சொல்லுங்கள்.

ரப்பருக்கும் வயதாகும். வியர்வை, சோப்பு, சாயப்பட்டறை ஆவி எல்லாம் அதை விறைக்கச் செய்யும். விறைத்த ரப்பரை எவ்வளவு இறுக்கினாலும் பலனில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்றுவதும், ஆழியாறு, கோவைக் குற்றாலம் என்று தண்ணீரில் இறங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை காற்றழுத்தச் சோதனை செய்வதும் நல்லது. தண்ணீருக்குள் இருக்கும்போது கிரௌனைத் தொடவே கூடாது.

ஆவி பிடித்துவிட்டால் வெயிலில் காய வைக்காதீர்கள், அரிசி டப்பாவிலும் போடாதீர்கள். அன்றைக்கே பின்மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் எஃகு உறுப்புகள் துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது.