உள்ளீடு, வெளியீடு: யாருக்கு உள்ளே, யாருக்கு வெளியே?

'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்ற வரியை வலைத்தளங்களில் தினமும் பார்க்கிறோம். அந்த 'உள்ளிடு' என்ற வினையிலிருந்து வந்த பெயர்தான் உள்ளீடு. கணினிக்குள் தரவைச் செலுத்தும் செயலையும் அப்படிச் செலுத்தப்படும் தரவையும் இந்த ஒரு சொல்லே குறிக்கும். அதற்குப் பயன்படும் பொருள் உள்ளீட்டுக் கருவி. கணினி செய்து முடித்ததை நாம் பார்க்கவோ கேட்கவோ தொட்டறியவோ முடிகிற வடிவில் தருவது வெளியீட்டுக் கருவி. பேச்சில் இன்புட் டிவைஸ், அவுட்புட் டிவைஸ் என்கிறோமே, அவைதான்.

சொல்லின் வேர் 'இடு'. கெடு என்பது கேடு ஆவது போல, சுடு என்பது சூடு ஆவது போல, இடு என்பது முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆகிறது. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். முதலீடு, குறியீடு, தலையீடு, ஒதுக்கீடு எல்லாம் இதே குடும்பம். 'அவர் உள்ளிட்ட ஐவர்' என்று எழுதும்போது வரும் 'உள்ளிட்ட'வும் நெருங்கிய உறவுதான்.

கணினிக்கென்று புதிதாக அச்சடித்த சொல் அல்ல இது. உள்ளே இருக்கும் பொருள், உள்ளடக்கம் என்ற பொருளில் உள்ளீடு முன்பே வழங்கியது. பறவைகளின் எலும்புகள் பலவும் உள்ளீடற்றவை என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். உள்ளே வெற்றிடம் கொண்டவை என்று அர்த்தம். ஆங்கிலச் சொல்லின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். இன்புட் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் தன் பங்காகப் போடும் பணத்தைக் குறித்தது. அதாவது அது நம் முதலீட்டுக்குச் சொந்தம்! அவுட்புட் 19ஆம் நூற்றாண்டில் இரும்பு, நிலக்கரித் தொழில்களில் உற்பத்தி அளவைச் சொல்லப் புழங்கியது. இரண்டும் கணினிப் பக்கம் வந்து சேர்ந்தது 1940களில்.

இந்தச் சொற்களில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உள் என்றால் யாருக்கு உள்? தட்டச்சு செய்யும்போது எழுத்து நம் விரலிலிருந்து வெளியே போகிறது. திரையைப் பார்க்கும்போது செய்தி நமக்குள் வருகிறது. நம் பக்கம் நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழ். கணினியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால்தான் சொல் நேராகும். ஸ்கேனரில் வைத்த தாள் திரையில் தெரிகிறதே, அப்படியானால் ஸ்கேனர் வெளியீட்டுக் கருவியா என்று மாணவர்கள் கேட்பது இதனால்தான். இல்லை. தாளில் உள்ளதைக் கணினிக்குள் கொண்டுபோவதோடு ஸ்கேனரின் வேலை முடிந்தது. காட்டுவது திரையின் வேலை.

எந்தப் பெட்டியின் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயரும் மாறும். தொலைக்காட்சி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொத்தான்கள் ரிமோட்டுக்கு உள்ளீடு. முனையில் இருக்கும் சிறு விளக்கு துடித்துத் துடித்து அனுப்பும் அகச்சிவப்பு ஒளி, ரிமோட்டின் வெளியீடு. அதே ஒளி தொலைக்காட்சிக்கு உள்ளீடு. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பல கைபேசிகளின் கேமரா வழியே பார்த்தால், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும்.

இன்னும் வேடிக்கையானது இயர்போன். பெரும்பாலான இயர்போன்களுக்குள் இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய சவ்வு. சுருளில் மின்னோட்டம் மாறினால் சவ்வு அசைந்து ஒலி பிறக்கும். மாறாக ஒலி வந்து சவ்வை அசைத்தால் சுருளில் சிறு மின்னோட்டம் உண்டாகும். பழைய கணினிகளில் மைக்குக்கெனத் தனித் துளை இருக்கும். அதில் இயர்போனைச் செருகிப் பேசினால், மங்கலாகவேனும் குரல் பதிவாகும். பொருள் அதேதான், தரவு எந்தத் திசையில் போகிறது என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது. ஒலிவாங்கி என்ற தமிழ்ச் சொல் இந்தத் திசையைத் தன் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ஒலிபெருக்கி சொல்வதில்லை.

தொடுதிரை இரண்டுக்கும் பொது என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். உண்மையில் அங்கே இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன: கீழே காட்டும் திரை, மேலே விரலின் தொடுகையை மின்னூட்ட மாற்றமாக உணரும் கண்ணாடிப் படலம். தடித்த கையுறை போட்டுத் தொட்டால் கைபேசி கண்டுகொள்ளாமல் இருப்பது இந்தப் படலத்தால்தான். அப்போதும் கீழே உள்ள திரை வழக்கம்போலக் காட்டிக்கொண்டே இருக்கும்.

உள்ளிடுபவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பேசும்போது கைபேசி கன்னத்தருகே வந்ததும் திரை தானாக அணைகிறது. காதருகே உள்ள உணரி கொடுத்த உள்ளீடு அது. நாம் எதையும் அழுத்தவில்லை. வெளியீடு என்றாலும் திரையும் தாளும் மட்டுமல்ல. அழைப்பு வரும்போது உணரும் அதிர்வு வெளியீடு. ஏடிஎம் எண்ணித் தரும் பணமும் வெளியீடு. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்டியில் நுண்ணிய ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் வரிவரியாக எழுத்தை உருவாக்கும். அதை விரல் படிக்கும்.

கருவிகளின் தமிழ்ப் பெயர்களில் எனக்கு மிகப் பிடித்தது வருடி. மென்மையாகத் தடவுவது வருடுதல். ஸ்கேனரின் ஒளிப்பட்டை தாளின்மேல் மெல்ல நகர்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். விசைப்பலகையும் நல்ல சொல்தான்: சாவி என்று நேராகப் பெயர்க்காமல், துப்பாக்கி விசை போல அழுத்தி இயக்குவது என்ற கருத்தை எடுத்துக்கொண்டார்கள். சாவியே போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்பது வேறு கதை. 1960களில் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு உருவாக்கிய மவுஸ் மரப்பெட்டி ஒன்றுக்குள் இரண்டு சக்கரங்கள் கொண்டது. அதன் வயர் வாலைப் போல இருந்ததால் எலியானது. தமிழில் எலியை விட்டுவிட்டு வேலையைப் பிடித்தார்கள்: சுட்டுவது சுட்டி. சிக்கல் என்னவென்றால், திரையில் நகரும் அம்புக்குறியையும் இணைய இணைப்பையும்கூடச் சிலர் சுட்டி என்றே எழுதுகிறார்கள். சுட்டெலி என்று எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. அச்சுப்பொறி, திரை ஆகியவற்றில் தகராறு ஏதுமில்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. வீடு என்பது 'வீட்டுக் கதவு' ஆவது போல, உள்ளீடு என்பது 'உள்ளீட்டுக் கருவி' ஆகும். 'உள்ளீடு கருவி' என்று எழுதுவது பிழை. கருவிக்குப் பதில் சாதனம் என்றாலும் தவறில்லை. அப்போது ஒற்று மாறி 'உள்ளீட்டுச் சாதனம்' ஆகும். வெளியீடு என்ற சொல்லுக்குப் புத்தகத்தைப் பதிப்பிப்பது என்ற பொருள் முன்பே உண்டு. மென்பொருளின் புதிய பதிப்பு வருவதையும் வெளியீடு என்கிறோம். ஆகவே புரோகிராமைக் குறிக்கும் நிரலோடு சேர்த்து 'நிரலின் வெளியீடு' என்று மொட்டையாக எழுதினால் நிரல் தந்த விடையா, நிரலே வெளிவந்ததா என்று புரியாது. அந்த இடத்தில் 'நிரல் தரும் வெளியீடு' என்றோ 'நிரல் வெளிவந்தது' என்றோ பிரித்து எழுதலாம்.

இன்னொன்று, கணினிக்கு வெளியே இந்தச் சொற்களை அப்படியே இழுத்துக்கொண்டு போக வேண்டாம். வேளாண்மையில் விதை, உரம் போன்றவற்றுக்கு இடுபொருள் என்ற அருமையான சொல் இருக்கிறது. கூட்டத்தில் 'உங்க இன்புட் சொல்லுங்க' என்று ஒருவர் கேட்டால் அவருக்கு வேண்டியது கருத்து. அங்கே 'உங்கள் உள்ளீட்டைத் தாருங்கள்' என்று எழுதினால், எதிரே இருப்பவரை இயந்திரமாக்கிய மாதிரிதான் இருக்கும்.