நண்பனைக் கொன்று எதிரியை விட்டுவைத்த மருந்து

பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா மாடியில் தக்காளி நாற்று விட்டிருந்தார். ஜூலை மழையில், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நைந்து நாற்றுகள் சாய ஆரம்பித்தன. கடையில் கேட்டு கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை வாங்கிக் கரைத்து வேரடியில் ஊற்றினார். சாய்வது நிற்கவில்லை. பத்து நாள் முன்புதான் மண்ணில் வேம் (VAM) என்ற நல்ல பூஞ்சையைக் கலந்திருந்தார். "அந்தக் காசும் போச்சா?" என்றார். போயிருக்கும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

வேம் என்பது வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை. செடியினங்களில் பெரும்பாலானவை இதோடு கூட்டு வைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவச் செடிகளிலேயே இதன் தடம் உண்டு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் லேசில் நகராது. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால் அப்புறம் பட்டினிதான். தலைமுடியைவிட மெல்லிய பூஞ்சையிழைகள் அதைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய், வேர் நுழையாத இடுக்கிலிருந்தும் மணிச்சத்தை எடுத்து வருகின்றன. வேர்ச்செல்லுக்குள் குட்டி மரம்போலக் கிளைத்து அங்கே கைமாற்றுகின்றன. பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. இங்கே ஹெப்பாள் பக்கத்து ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் நுண்ணுயிரியல் விஞ்ஞானி டி.ஜே. பாகியராஜ் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தக் கூட்டைத்தான்.

சரி, மருந்து என்ன செய்கிறது? பூஞ்சைச் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் கோத்துக் கோத்து நுண்குழல்களாகிறது. உட்கரு பிரிவதும் சரக்கு நகர்வதும் அவற்றைப் பிடித்துத்தான். கார்பென்டாசிம் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, கோக்கவிடாமல் தடுக்கிறது. நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் அதற்கு இல்லை. மண்ணில் கார்பென்டாசிமாக மாறும் பெனோமில் என்ற மருந்தை, வயல் சோதனைகளில் வேர் உட்பூசணத்தை ஒடுக்குவதற்கென்றே விஞ்ஞானிகள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது அடுத்த விஷயம். மழைக்கால நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் காரணமான பித்தியம் என்ற கிருமி உண்மையில் பூஞ்சையே அல்ல. அதன் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் என்ற வேறு மருந்துதான் அதைத் தாக்கும். அது வேர் உட்பூசணத்துக்குப் பொதுவாக அவ்வளவு கெடுதலும் இல்லை. எந்த மருந்து, எதற்கு, இலைக்கா வேருக்கா என்று விவரமாகச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

பெரிய வயல்களிலும் இதே கதைதான். ஐரோப்பாவில் 150 தானிய வயல்கள், 60 புல்வெளிகளின் மண்ணை ஒப்பிட்டு 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. புல்வெளி மண்ணின் பூஞ்சைகள் செடிக்கு 64 சதவீதம் கூடுதலாக மணிச்சத்தைக் கொண்டு சேர்த்தன. வயல்களுக்கிடையே இருந்த வித்தியாசத்தை மற்ற எதையும்விடப் பூஞ்சைக்கொல்லிப் பயன்பாடுதான் நன்றாக விளக்கியது. செடி வாடுகிறதே என்று மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால், செடியே கூட்டைக் குறைத்துக்கொள்ளும்.

அக்கா மறுபடி விதைத்திருக்கிறார். தொட்டியின் வடிகால் துளைகளைப் பெரிதாக்கி, நெருக்காமல் தூவி, தண்ணீரைக் குறைத்திருக்கிறார். வேம் இந்த முறை தக்காளிக்கு மட்டும். முள்ளங்கியும் சிறுகீரையும் பொதுவாக அந்தக் கூட்டே வைப்பதில்லை.