தையல் விடும் மூலை

ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைக்குந்தாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மார்கழியில் அங்கே புல் வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி விழும். கடையில் கிடைக்கும் ஜன்னல் ஸ்கிரீன் எல்லாம் மெல்லிசாக இருக்கிறதே என்று கனமான பருத்தித் துணி வாங்கி, பழைய பெட்ஷீட்டை லைனிங்காக வைத்து, வீட்டு மெஷினிலேயே தைக்கிறாராம். நேர்த் தையல் நன்றாக ஓடுகிறது. கீழ் மூலைக்கு வந்தால் மட்டும் நாலு தையல் விழுந்து இரண்டு விடுகிறது. மெக்கானிக் டைமிங் போச்சு, அதாவது ஊசியும் உள்ளே இருக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தப்பிவிட்டது என்கிறார், நிஜமா என்று கேட்கிறார்.

இரண்டு அடுக்குத் துணி நடுவில் காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுப்பது பள்ளிக்கூடப் பாடம், விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது அந்த விட்டுப்போன தையல்தான்.

கைத்தையலில் ஊசி துணியைத் துளைத்து முழுதாக அந்தப் பக்கம் போய்விடும். மெஷின் ஊசி போன வழியே திரும்பி வருகிறது. அப்படியென்றால் நூலும் கூடவே உருவிக்கொண்டு வந்துவிட வேண்டுமே? மேல் நூல் ரீலில் இருக்கிறது, கீழ் நூல் ஊசிக்கு அடியில் இருக்கும் பாபின் என்ற குட்டி உருளையில் சுற்றிக் கிடக்கிறது. கோத்து வாங்க இரண்டிலும் சும்மா தொங்கும் முனை கிடையாது. பிறகு எப்படி ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன?

பட்டம் விடும் பையன்களுக்கு விடை தெரியும். சிக்கல் விழுந்தால் அவர்கள் முனையைத் தேடுவதில்லை. சிக்கலின் வளையத்தைப் பெரிதாக்கி, நூல்கண்டையே அதற்குள் நுழைத்து எடுத்துவிடுவார்கள். மெஷின் ஒவ்வொரு தையலுக்கும் இதைத்தான் செய்கிறது.

ஊசியைக் கழற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நெடுக ஒரு வாய்க்கால் ஓடும். எதிர்ப் பக்கம் வழுவழுவென்று இருக்கும், கண்ணுக்கு மேலே மட்டும் ஒரு சின்னப் பள்ளம். ஊசி அடிமட்டம் தொட்டு, இரண்டு மில்லிமீட்டர் போல மேலே ஏறும் அந்தக் கணம்தான் எல்லாமே. வாய்க்கால் பக்கத்து நூல் அந்த வாய்க்காலுக்குள் பதுங்கியிருப்பதால் ஊசியோடு சுகமாக மேலே போய்விடும். எதிர்ப் பக்கத்து நூலுக்கு ஒளிய இடமில்லை, அதைத் துணி கவ்விக்கொள்கிறது. ஊசி ஏறுகிறது, நூல் ஏறவில்லை. மிச்ச நூல் என்ன செய்யும்? பக்கவாட்டில் ஒரு குட்டிக் கண்ணியாகப் புடைக்கும். சரியாக அப்போது ஒரு கொக்கியின் கூர்முனை வந்து கண்ணிக்குள் நுழைகிறது. அதை அகலமாக இழுத்து, பாபின் உட்கார்ந்திருக்கும் கூடான பாபின் கேஸை முழுதாகச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் விடுகிறது. மேலே ஆடும் லீவர் மிச்ச நூலைச் சுண்டி இழுக்க, முடிச்சு துணிக்குள் போய் உட்கார்கிறது.

அப்படியானால் பாபின் கேஸ் எதிலும் ஒட்டியிருக்கக் கூடாது, இல்லையா? ஒட்டியிருந்தால் கண்ணி அதைத் தாண்டவே முடியாது. உண்மையில் அது தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி சும்மாதான் கிடக்கிறது. கூடவே சுழன்றுவிடாமல் ஒரு விரல் தடுத்து வைத்திருக்கிறது, அந்த விரலுக்கும் கேஸுக்கும் நடுவில் நூல் நழுவிப்போக மட்டும் இடைவெளி. நான் முதன்முதலில் மூடியைக் கழற்றிக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி இதைப் பார்த்த அன்று, தைக்க எடுத்த தலையணை உறை அப்படியே கிடந்தது. மேலே எவ்வளவு பெரிய நூல்கண்டும் வைக்கலாம், பாபின் மட்டும் ஏன் குட்டியாக இருக்கிறது, ஏன் பாதி ஸ்கிரீனில் தீர்ந்துபோகிறது என்பதும் அன்றுதான் புரிந்தது. பாபின் பெருத்தால் கண்ணியும் பெருக்க வேண்டும்.

கூர்முனையில் கண் வைத்த ஊசி எலியாஸ் ஹோவ் கனவில் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அவர் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846இல். வால்டர் ஹன்ட் என்பவர் 1830களிலேயே அப்படி ஒரு ஊசி வைத்த மெஷினைச் செய்து, அப்போது காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். கனவை நான் நம்பவில்லை. என் அத்தையும் இப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நான் தைக்க உட்கார, ஒரு தையல்கூட விழவில்லை. "வெள்ளிக்கிழமை ஊசி எடுத்தா எப்படி விழும்?" என்றார். ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தேன், கண்ணி கொக்கி இல்லாத பக்கம் புடைத்திருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகத் தையல் மெஷின் தருகிறது. அதில் பள்ளிக்கு ஒன்று அறிவியல் ஆய்வகத்துக்கும் போகட்டும் என்பேன்.

சரி, மூலைக்கு வருவோம். ஓரத்தை இரண்டு முறை மடித்தால் மூன்று அடுக்கு. பக்க மடிப்பும் கீழ் மடிப்பும் சேரும் மூலையில் மூன்று மூன்று ஒன்பது. லைனிங்கையும் சேர்த்து மடித்தால் பதினெட்டு! மேட்டில் ஏறும் மெஷினின் பாதம் சாய்ந்துவிடுகிறது, துணியை அமுக்குவதில்லை. ஊசி ஏறும்போது துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்புகிறது. துணியும் சேர்ந்து ஏறினால் நூலை யார் கவ்வுவது? கண்ணி புடைக்காது, கொக்கி வெறும் காற்றைக் குத்திவிட்டுப் போகும். டைமிங் போயிருந்தால் நேர்த் தையலிலும் விட்டிருக்குமே.

லைனிங்கை மடிப்புக்குள் வராதபடி ஓரத்தில் வெட்டிவிடுங்கள். 14ஆம் நம்பர் ஊசி இருந்தால் கழற்றிவிட்டு 16 போடுங்கள், 16 என்றால் தண்டு ஒரு மில்லிமீட்டர் கனம். பாதத்துக்குப் பின்னால் அதே துணியின் துண்டு ஒன்றை மடித்து வைத்து மேட்டைச் சமமாக்குங்கள். மூலையை மட்டும் மிதிக்காமல் கைச்சக்கரத்தால் தையுங்கள். அப்படியும் தையல் விழவில்லை என்றால், மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் பாபினைத் திறந்து பாருங்கள். தீர்ந்துபோயிருக்கும்.